‘சுவர் வரை’ என்று எழுதிய பாவத்துக்கு

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு உன் அண்ணி நலம், பிள்ளைகள் நலம், மாடியில் ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டிகூட இப்போது நலம். என் நலத்தை மட்டும் நீ விசாரிக்க வேண்டாம், அதைக் கெடுத்தவளே நீதான். அங்கு நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். சௌக்கியமாக இருந்தால்தானே நான் திட்டுவதை முழுசாகப் படிக்கத் தெம்பு இருக்கும்.

எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியை பிரசவ விடுப்பில் போனதும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, “சார், நீங்கதான் கரும்பலகையில காம்பஸ் இல்லாமலே வட்டம் போடுறீங்களே, ஓவிய வகுப்பையும் நீங்களே பாத்துக்கங்க” என்றார். வட்டம் போடுகிறவனெல்லாம் ஓவியன் என்றால் செக்குமாட்டுக்கும் ஒரு தூரிகை கொடுக்கலாம். இதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் குரலைத் தாழ்த்தி, “ஆய்வுக்கு ஒரு அதிகாரி வர்றார். ஓவிய வகுப்பால பிரயோஜனம் இல்லைன்னு அவர் எழுதிட்டா, அந்தப் பாடவேளை உங்க கணக்குக்கே வந்துடும்” என்றார். கரும்பு தின்னக் கூலியா? அதுவரைக்கும் பிள்ளைகளைச் சும்மா உட்கார வைத்து ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். என் போதாத காலம், நீயும் ஓர் ஓவிய டீச்சர்தானே என்று, அவர்களைச் சத்தம் போடாமல் வைத்துக்கொள்ள ஒரு வழி சொல் என்று உனக்குப் போன் செய்தேன். நீ ஒரு வழியா சொன்னாய்? என்னையே ஒரு வழி பண்ணிவிட்டாய்.

முதலில் என்ன சொன்னாய்? “அண்ணா, ஒரு படத்தைத் தலைகீழா வச்சுப் பாத்து வரையச் சொல்லு. அப்பத்தான் மனசுல இருக்கறதை வரையாம, கண்ணுக்குத் தெரியறதை வரைவாங்க.” நானும் ஏழாம் வகுப்புக்குள் போய், “எல்லாரும் தலைகீழா பாத்து வரைங்க” என்றேன். திருப்ப வேண்டியது படத்தை என்று சொல்ல மறந்துவிட்டேன். பாதி வகுப்பு பெஞ்சில் காலை மாட்டிக்கொண்டு தொங்கிற்று, மீதி வகுப்பு தொங்கியவர்களின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது, அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அடுத்து, சீருடை அழுக்காகாமல் இருக்க அப்பாவின் பழைய சட்டையை மேலே போட்டுக்கொள்ளட்டும் என்றாய். எது பழசு என்பதில் ஒரு வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வெகுநாளாகக் கருத்து வேற்றுமை போலிருக்கிறது. அந்த அம்மா பழசென்று கொடுத்தனுப்பியது அந்த மனிதர் கண்ணைப் போலக் காத்துவந்த சட்டை. நீலக் கறையோடு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடே நின்றுவிட்டது. அப்புறம், தாளைப் பார்க்காமல், பென்சிலை அதிலிருந்து எடுக்காமல், எதிரில் இருக்கிற முகத்தை ஒரே கோட்டில் போடச் சொல்லு என்றாய். எதிரில் இருந்தது நான். தாளுக்கு ஒரு உருளைக்கிழங்கு வந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் போட்டதில் எனக்கு மூன்று காது, மூக்குக்கண்ணாடி மட்டும் தனியாகத் தோளில் உட்கார்ந்திருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இது யார் தெரிகிறதா என்று உன் அண்ணியிடம் கேட்டேன். “பரீட்சைத் தாள் திருத்தறப்ப நீங்க இப்படித்தானே இருப்பீங்க” என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாக என் கணக்கு வகுப்பில் அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. கேள்வி கேட்டால் குனிந்து பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடுவாள், மணி அடிக்கும்வரை அது கிடைக்காது. வாரத்தில் எந்த நாளிலும் அவளுக்கு வயிற்றுவலி வரும், ஓவிய வகுப்பு உள்ள நாளில் மட்டும் வராது. இந்த வகுப்பும் போய்விட்டால் இவள் பள்ளிக்கு வருவதே நின்றுபோகுமே என்று ஒரு நாள் எனக்குத் திடீரென்று பயமாகிவிட்டது. கணக்கு வாத்தியாருக்கு வரக் கூடாத பயம் இது. அதுவும் உன்னால் வந்ததுதான்.

நீ சொன்னதில் எனக்குப் பிடித்தது கட்டம் போடுகிற பாடம் ஒன்றுதான். சின்னப் படத்தின் மேல் சின்னக் கட்டம், பெரிய தாளில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருப்பதை மட்டும் பார்த்துப் பெரிதாக்குவது. கட்டம் என்றால் அது நம் ராஜ்ஜியம் ஆயிற்றே, அந்த மூன்று காதுப் படத்தின் மேலேயே கட்டம் போட வைத்து உற்சாகமாகவே நடத்தினேன். வினை அடுத்த வாரம் வந்தது. அதிகாரி வருகிறார் என்று வகுப்பறைக்குப் புதுசாக வெள்ளையடித்திருந்தார்கள். தரையில் தாளை விரித்து வரைந்தால் கை தாராளமாக வரும் என்று நீதானே சொன்னாய்? பெஞ்சுகளை ஒதுக்கச் சொல்லலாமென்று போனால், தலைமையாசிரியை அவசரமாக ஆள் அனுப்பிவிட்டார். பலகை முழுக்க என் முக்கோணங்கள். மூலையில் கிடைத்த இடத்தில் இரண்டு வரியாக எழுதிவிட்டு ஓடினேன். மேல் வரி, ‘பெஞ்சை நகர்த்து’. கீழ் வரி, ‘சுவர் வரை’.

நான் சொன்னது, பெஞ்சுகளைக் கொண்டுபோய்ச் சுவரோரம் சேருங்கள் என்று. அவர்கள் படித்தது, பெஞ்சை அப்பால் தள்ளிவிட்டுச் சுவரில் வரையுங்கள் என்று. தமிழாசிரியரிடம் நியாயம் கேட்கப் போனால், “ரெண்டுமே இலக்கணப்படி சரிதான் சார்” என்று கையை விரித்துவிட்டார்.

அவசரம் என்னவென்றால் அதிகாரி சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பாடவேளை அவருக்குப் பதிவேடுகளைக் காட்டிவிட்டு, அவரையும் தலைமையாசிரியையையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்து கதவைத் திறக்கிறேன், வெள்ளைச் சுவர் முழுக்க நூல் கட்டிக் கட்டம் பிரித்து, கூரையிலிருந்து தரைக்கு நான். மூன்று காதோடு. ஒரு வாண்டு பெஞ்சின் மேல் ஏறி நின்று என் மூக்குத் துவாரத்துக்குள் நீலம் பூசிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியை கதவைத் திரும்பச் சாத்தப் பார்த்தார். அதிகாரி சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்தார். “இது என்ன?” என்றார். பயத்தில் எனக்கு உன் உபதேசம்தான் வாயில் வந்தது. “பிள்ளைங்க படத்தைப் பாத்து இது என்னன்னு கேக்கக் கூடாதுங்க. இதைப் பத்திச் சொல்லுன்னு கேக்கணும்.” சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது.

நல்ல மனுஷன். பிள்ளைகள் பக்கம் திரும்பி, “சரி, இதைப் பத்திச் சொல்லுங்க” என்றார். முன்னால் வந்தது யார் என்கிறாய்? கடைசி பெஞ்சு. முழங்கை வரைக்கும் வண்ணம். “தாள்ல ஒரு கட்டம் என் விரல் அகலம். சுவத்துல ஒரு கட்டம் ஒரு முழம். எல்லாக் கட்டத்தையும் ஒரே மாதிரி பெரிசாக்கணும். மூக்குக்கு மட்டும் கூடக் குடுத்துட்டா சார் வேற யாரோ ஆயிடுவாரு.” இவ்வளவும் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, “சார், ரெண்டு வருஷமா நீங்க சொல்ற விகிதம் இதுதானா? அப்பவே இப்படிச் சொல்லியிருக்கலாமே!” என்றாள். தங்கச்சி, எனக்கு வந்தது வெட்கமா சந்தோஷமா என்று இன்னும் விடை வரவில்லை. அதிகாரி எதையோ குறித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே, இனி நீ ஒரு யோசனையும் அனுப்பாதே. கணக்கு உண்டு நான் உண்டு என்று இருந்தவன், இப்போது தினமும் என் முகவாய்க்குக் கீழே நின்று எனக்கே பாடம் நடத்துகிறேன். ஓவிய வகுப்பிலிருந்து என்னை விடுவிக்கச் சொல்லி விண்ணப்பம் எழுதிவிட்டேன், நாளைக்கு முதல் வேலையாகக் கொடுத்துவிடுவேன். அந்தப் பாடவேளை கணக்குக்கு வந்தால் வரட்டும், எனக்கு வேண்டியது நிம்மதி.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசி. உன் போன் மட்டும் கெட்டுப்போய், மற்றபடி நீ சகல சௌபாக்கியங்களோடும் நீடூழி வாழ்க.

உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. அதிகாரி முடிவைப் பள்ளிக்கே விட்டுவிட்டாராம். “நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார், பாடவேளையைக் கணக்குக்கே எழுதிடறேன்” என்று தலைமையாசிரியை பேனாவைத் திறந்தார். விண்ணப்பம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. இந்த வாய் என்ன சொன்னது தெரியுமா? “கணக்குலேருந்து ஒண்ணை எடுத்து ஓவியத்துக்குக் குடுங்க மேடம்.” ஓவிய ஆசிரியை திரும்பி வரும்வரை அந்த இரண்டு ஓவியப் பாடவேளையையும் நானே எடுப்பதாக வேறு சொல்லித் தொலைத்தேன். மற்ற சுவர்களை என்ன செய்யலாம் என்று யோசித்து உடனே போன் பண்ணு. அந்தப் பெண் இன்றைக்குக் கணக்கு வகுப்பில் கை தூக்கினாள். விடை தப்பு. தப்பென்று சொன்ன பிறகும் கையை இறக்கவில்லை, “இருங்க சார், இன்னொரு தடவை சொல்றேன்” என்று நின்றாள்.