ஷிஃப்ட் அண்ணன் படித்த டிசைன்

கிராஃபிக் டிசைன் படிக்கச் சேர்ந்த முதல் நாளே, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கேட்ட மாணவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவரை எங்களுக்கு ஷிஃப்ட் அண்ணன் என்றுதான் தெரியும்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேலே, முதல் மாடியில் எங்கள் வகுப்பு. பன்னிரண்டு கம்ப்யூட்டர் இருந்தன. அவற்றில் ஒன்பது வேலை செய்தன. நாங்கள் எட்டுப் பேர், எல்லோருக்கும் இருபது, இருபத்திரண்டு வயது. ஒன்பதாவது ஆள் அவர். அறுபதை நெருங்கியவர். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடும்வரை அதில் வேலை; அதன்பின் பெங்களூரில் பல வருஷம் செக்யூரிட்டி. பத்து மணி வகுப்புக்கு ஒன்பது மணிக்கே மூன்றடுக்கு டிபன் கேரியரோடு வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். கேட்டால், ஷிஃப்டுக்கு லேட்டாகக் கூடாது என்பார். தாத்தா என்றோ அங்கிள் என்றோ யாராவது கூப்பிட்டால் திரும்பவே மாட்டார். எனவே ஷிஃப்ட் அண்ணன்.

வகுப்பெடுத்தது ரூபா மிஸ். அவருக்கு இருபத்தாறு வயது. அவர் உள்ளே வந்ததும் அண்ணன் எழுந்து நின்று நெஞ்சை நிமிர்த்துவார். அவர் உட்காரும்வரை இவரும் உட்கார மாட்டார். மிஸ் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், கடைசியில் கதவைத் திறந்ததும் ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளப் பழகிவிட்டார்.

சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். அண்ணன் அந்தக் கேஜ் வாசலில் தலை எண்ணிய ஆள். கீழே எத்தனை பேர் போனார்களோ அத்தனை பேர் மேலே வந்தாக வேண்டும். அந்தப் பழக்கம் மாடிப்படிக்கும் வந்துவிட்டது. தினமும் வகுப்பு முடிந்ததும் கீழே நின்று எங்களை எண்ணுவார். ஒருநாள் வாட்ச்மேன் கதவைப் பூட்டப் போனபோது அண்ணன் குறுக்கே நின்றுகொண்டார். ஒரு ஆள் குறைகிறது என்றார். நாங்கள் எட்டுப் பேரும் அங்கேயே நின்றோம், அவரும் இருந்தார். வாட்ச்மேனுக்குக் கோபம் வந்து சத்தம் போட்டார். பத்து நிமிஷம் கழித்து ரூபா மிஸ் கைகழுவிவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். அண்ணன் பக்கவாட்டில் நகர்ந்து, பூட்டிக்கொள்ளலாம் என்று கையைக் காட்டினார்.

அங்கே பாடம் என்று புத்தகம் எதுவும் கிடையாது. புராஜெக்ட் செய்துதான் படிக்க வேண்டும். முதல் புராஜெக்ட், ஒரு கற்பனை டீக்கடைக்கு லோகோ. நாங்கள் அரை நாளில் முடித்துவிட்டோம். அண்ணன் மட்டும் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கடையே இல்லை, மனசில் நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் மிஸ்.

"இல்லாத கடைக்கு இன்னா மிஸ் போர்டு?"

மறுநாள் அவர் வகுப்புக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நிஜமான ஒரு டீக்கடையில் காலையிலிருந்து உட்கார்ந்து, ஏழு டீ குடித்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் ஏன் இங்கே வருகிறீர்கள் என்று விசாரித்திருக்கிறார். அதற்கடுத்த நாள் அவர் காட்டிய லோகோவில் ஒரு ஸ்டூல் மட்டும் இருந்தது. கால் கோணலான ஸ்டூல். நாங்கள் சிரித்தோம். அங்கே டீ சுமார்தான், உட்கார இடம் கிடைக்கிறது என்றுதான் ஜனம் வருகிறது என்று விளக்கினார். மிஸ் எங்கள் எட்டு லோகோவையும் வரிசையாகத் திரையில் போட்டார். எட்டிலும் ஆவி பறக்கும் கோப்பை.

அடுத்தது நிறங்கள். ஊருக்கு ஏற்ற ஐந்து நிறம் தேர்ந்தெடுக்க வேண்டும். நாங்கள் இன்டர்நெட்டில் தேடினோம். அண்ணன் ஒரு பிளாஸ்டிக் பையில் சயனைடு மேட்டிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வந்தார். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் அது. ஊரைச் சுற்றி மலை மலையாக நிற்கிறது. அதைத் திரையின் மேல் அழுத்திப் பிடித்து நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். சயனைடு என்ற வார்த்தையைக் கேட்டதும் பாதி வகுப்பு வெளியே ஓடிவிட்டது. அண்ணனுக்கு வருத்தம். அந்த மேட்டில்தான் சின்ன வயசு முழுக்க கிரிக்கெட் ஆடியதாகவும், இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு நீளமாக இருமினார்.

அவரைப் போலப் பேசிக் காட்டுவதில் நான் கெட்டிக்காரன். டிபன் கேரியரைப் பிடிக்கும் விதம், இருமல், எல்லாம் வரும். செய்த தவற்றை ஒரு பட்டன் அழுத்திப் பின்னால் கொண்டுபோகலாம் என்று மிஸ் சொல்லிக்கொடுத்த அன்று, அது எவ்வளவு தூரம் பின்னால் போகும் என்று அவர் கேட்டார். ஐம்பது படி போகும் என்றார் மிஸ்.

"அம்பது போதாது மிஸ்."

அதை ஒரு வாரம் நடித்துக் காட்டிச் சிரிப்பு வாங்கினேன்.

அதற்கு அடுத்த புராஜெக்ட்டில்தான் அது நடந்தது. ஊரில் கண்ணில் படும் மோசமான டிசைன்களைப் போட்டோ எடுத்து வந்து, அதில் என்ன தப்பு என்று வகுப்பில் சொல்ல வேண்டும். பல் டாக்டர் போர்டு, கோழிக்கடை போர்டு என்று ஆளுக்கொன்று. என்னுடையதுதான் பிரமாதம் என்று கடைசியில் வைத்திருந்தேன். சாம்பியன் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஒரு லைன் வீட்டு வரிசையின் முனையில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். நிறம் வெளுத்திருந்தது. ரோஜா, மேகம், குத்துவிளக்கு, பறக்கும் புறா எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு அம்மாள். ஏதோ கல்யாணக் கூட்டத்தில் எடுத்த படத்திலிருந்து அவரை வெட்டியிருந்தார்கள். வெட்டியவர் பக்கத்தில் நின்ற ஆளை எடுத்துவிட்டு, அம்மாளின் தோளில் இருந்த நான்கு விரல்களை மறந்துவிட்டார். பெயர் கோமளாவாக இருக்க வேண்டும். 'ம'வுக்கு ஒரு கால் கூடிப்போய் 'கோமாளா' என்று அச்சாகியிருந்தது.

நான் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினேன். தோளில் இருப்பது பேயின் கையா என்று கேட்டேன். பெயரை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது.

சிரிப்பு அடங்குகிற நேரத்தில் அண்ணன் எழுந்து நின்றார்.

"அது எங்கூட்டு ஆளு மிஸ்," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு உட்கார்ந்தார். திரையில் படம் அப்படியே இருந்தது. மிஸ்தான் வந்து மூடினார்.

அன்று படிக்கட்டில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குள் அவரே சொன்னார். மனைவி கோமளா இறந்த அன்று ஃபிளெக்ஸ் கடைக்குப் போட்டோ அனுப்பியது யாரோ. புத்தர் படம் மாட்டிய வீட்டுக்கு 'சிவலோக பதவி' என்று போட்டிருந்தார்கள், அதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழவுக்கு வந்த பிள்ளைகள் பெயரைப் படித்துச் சிரித்ததை அவர் உள்ளேயிருந்து கேட்டிருக்கிறார். கடைக்காரரிடம் போனால், கம்ப்யூட்டரில் அப்படித்தான் வரும் என்று சொல்லிவிட்டார்.

"அப்டித்தான் வருமான்னு பாக்கலாம்னுதான் வந்தேன் தம்பி. நீ சொன்னது தப்பில்ல. அது மோசமாத்தான் கீது."

வருஷ நினைவு நாளுக்குப் புதிதாக ஒன்று செய்வதே அவருடைய கடைசி புராஜெக்ட். நாங்கள் சினிமா போஸ்டர் செய்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவருடன் உட்கார்ந்தேன். ரோஜாவை எடுத்தார், புறாவை எடுத்தார், மேகத்தை எடுத்தார். பெயரை அடித்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். தோளில் இருந்த விரல்களை நீக்கித் தரச் சொன்னார். நான் புடவை நிறத்தை எடுத்துப் பூசி, பத்தே நிமிஷத்தில் சுத்தமாக முடித்தேன். விரல் இருந்த இடமே தெரியவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இப்போ தனியா நிக்கிறா பாரு. அது என் கைதான் தம்பி. திருப்பிக் கொண்டாந்துடு."

நான் ஒவ்வொரு படியாகப் பின்னால் போனேன். நான்கு விரலும் திரும்பி வந்தன.

இறுதி நாளில் அதைத் திரையில் காட்டினார். வெள்ளைப் பரப்பில் அந்த அம்மாள், தோளில் விரல்கள், கீழே ஓரமாகப் பெயர். பெயர் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று மிஸ் கேட்டார். தெருவில் தன்னை யாராவது சத்தமாகக் கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்காது என்றார் அண்ணன்.

நினைவு நாளுக்கு ஓசூரில் வாழ்க்கைப்பட்ட அவருடைய மகள் வந்தார். அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போகக் கெஞ்சினார். கிளாஸ் இருக்கிறது என்று மறுத்துவிட்டார் அண்ணன். எனக்குக் குழப்பம், எங்கள் கிளாஸ்தான் முடிந்துவிட்டதே. விசாரித்தால், அடுத்த பேட்ச்சில் மறுபடி முதலிலிருந்து சேர்ந்திருந்தார். அதே டீக்கடை லோகோ, அதே ஐந்து நிறம். அது முடிந்ததும் மூன்றாவது பேட்ச். வீட்டில் பேச ஆள் இல்லை, இங்கே அட்டெண்டென்ஸ் எடுக்கிறார்கள் என்று மிஸ்ஸிடம் காரணம் சொன்னாராம்.

எனக்குப் பெங்களூரில் ஒரு டிசைன் ஆபீஸில் வேலை கிடைத்தது. ஊரில் பாதிப் பேரைப் போல விடியற்காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் திரும்பும் பிழைப்பு. முதல் நாள் அண்ணன் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். ரயில் புறப்படும்போது ஜன்னல் பக்கம் வந்து, மேலே வந்ததும் ஒரு போன் போடு என்றார். பெங்களூருக்குப் போவதும் அவருக்குக் கீழே இறங்குவதுதான். அன்று சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி, மேல வந்துட்டேன் அண்ணே என்றேன். சரி, போய்ச் சாப்பிடு என்றார். அதன்பின் ஒன்றரை வருஷம், ஒரு நாளும் விடவில்லை. நான் மறந்தால் அவரே கூப்பிட்டு, இன்னும் ஏறலியா என்று கேட்பார்.

போன மழைக்காலத்தில் இருமல் அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கூட இருந்த மகள்தான் என் சாயங்கால போனை அவர் காதில் வைத்தார். நான்காம் நாள் போய்விட்டார். அடக்கத்துக்கு மூன்று பேட்ச் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ரூபா மிஸ் வந்தபோது, யாரும் சொல்லாமலே எல்லோரும் எழுந்து நின்றோம்.

இரண்டு நாள் லீவு முடிந்து வேலைக்குப் போனேன். சாயங்காலம் மாரிகுப்பத்தில் இறங்கி நடந்துகொண்டே, யோசிக்காமல் அவர் நம்பரை அழுத்திவிட்டேன். அவருடைய மகள் எடுத்தார். தெரியாமல் வந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கலாம்.

"மேல வந்துட்டேன்க்கா," என்றேன்.

"சரிப்பா," என்றார். "போய்ச் சாப்பிடு."