டோரீன் தந்த கொடை

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்டதற்குப் பிறகு மனிதகுலம் செய்த ஆகப் பெரிய சாதனை, இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் ஊரில் என் பக்கத்து வீட்டுக் கராஜில்தான் நிகழ்ந்தது. பக்கத்து வீட்டுக்கார நெவில் தன் சொந்தக் கையாலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டினார். நானும் நண்பர் ரெஜ்ஜும் அதன் ‘ஆலோசனைக் குழு’. சனிக்கிழமைதோறும் கராஜில் நின்று, அவர் திருகாணி முடுக்குவதைக் கவலையோடு மேற்பார்வை செய்வோம்.

காரின் அடிச்சட்டமும் மேல்கூடும், வீட்டிலேயே கார் கட்டுகிறவர்களுக்குப் பாகங்கள் விற்கும் ஒரு கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தன. இன்ஜின் வரவில்லை. ஓடுகிற பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிக்கொள்ள வேண்டுமாம். அப்படிப்பட்ட காருக்கு எங்கள் தொழிலில் ‘கொடையாளி’ என்று பெயர். கொடையாளியை எங்கே தேடுவது என்று குழு ஆழ்ந்து விவாதித்துக்கொண்டிருந்தபோது, நெவிலின் மனைவி டோரீன் கடைக்குப் போய்விட்டுத் தன் சிவப்புக் காரில் வந்து இறங்கினாள்.

மூவரும் காரைப் பார்த்தோம்.

“என்ன பார்வை அங்க?” என்றாள்.

“இன்ஜினை மட்டும் கொஞ்ச நாளைக்கு...” என்று இழுத்தார் நெவில்.

“அப்ப திங்கக்கிழமை கம்பள ஆலைக்கு நான் எதுல போறது?”

“பஸ் இருக்கே, கண்ணு. வசந்தம் வரட்டும். புதுக் கார்ல உன்னை ராணி மாதிரி கொண்டுபோய் விடறேன்.”

டோரீன் பெருந்தன்மையோடு சம்மதித்தாள். அதாவது, மறுநாள் அவள் தூங்கி எழுவதற்குள் இன்ஜின் தரையில் கிடந்தது.

அதைத் தொடர்ந்து கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், சக்கரங்கள், முன்னிருக்கைகள் எல்லாம் ‘கொடை’யாயின. வசந்தம் வந்தது. நான்கு முறை வந்தது. டோரீன் மழையில் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாள். அடிக்கடி தாமதமானதால், அவளுக்கு வரவேண்டிய மேற்பார்வையாளர் பதவி வேறொருத்திக்குப் போயிற்று. மகத்தான பணிகளுக்குத் தியாகம் தேவை. அதை யார் செய்வது என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடே எழவில்லை.

ஒருவழியாக, காரைச் சாலையில் ஓட்டலாம் என்று அரசாங்கப் பரிசோதகர் சான்றிதழ் தந்தார். அந்தச் சனிக்கிழமை நெவில் காரை வெளியே நிறுத்தித் துணியை விலக்கினார். நாங்கள் கைதட்டினோம். டோரீன் குடையைப் பிடித்தபடி காரை ஒரு சுற்று சுற்றினாள்.

“இது என் இன்ஜின்தானே?”

“ஆமா.”

“சக்கரம்? ஸ்டீயரிங்? சீட்டு?”

“எல்லாமே உன்னோடதுதான், கண்ணு!” என்று பூரித்தார் நெவில்.

“என் கார்ல கூரை இருந்துச்சு. பின்சீட்டு இருந்துச்சு. நாலு வருஷமா மூணு ஆம்பளைங்க பாடுபட்டு அது ரெண்டையும் எடுத்திருக்கீங்க. அவ்வளவுதானே?”

“வேகம் கூடியிருக்கும்மா,” என்றார் ரெஜ், பணிவாக.

“அப்படியா? பாத்துடலாம்.”

நெவில் நகர்வதற்குள் அவள் ஸ்டீயரிங்கின் முன் உட்கார்ந்துவிட்டாள். குடையை மடித்து அவர் கையில் கொடுத்தாள். “நீயே வெச்சுக்க. திங்கக்கிழமை பஸ்ஸுக்கு நிக்கறப்ப ஆகும்.”

ரெஜ் சொன்னது பொய்யில்லை. அவள் தெருமுனை திரும்பியது எங்கள் கண்ணுக்கே தெரியவில்லை.

குழு அவசரமாகக் கூடியது. பெண்களுக்குப் பொறியியலின் அருமை தெரியாது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு, தேநீருக்காகக் காத்திருந்தோம். இருட்டத் தொடங்கியபோதுதான், அந்த வீட்டில் தேநீரும் தானாக உற்பத்தியாவதில்லை என்ற தொழில்நுட்ப உண்மை எங்கள் மூன்று மூளைகளுக்கும் பிடிபட்டது.