சிவப்புத் தண்ணீர் செய்தி

இருநூறு அடி நடக்கச் சோம்பல்பட்டதால் என் கல்யாணம் நிற்கப் பார்த்தது.

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நாளிதழின் பயிற்சி நிருபர். ராஜபாளையம் பஜாரில் ஒரு தெருவுக்கு அடியில் பழைய ஆலைக் கால்வாய் ஓடுகிறது. சாயப்பட்டறைகள் இருந்த காலத்தில், தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே இன்று எந்த நிற நூல் நனைகிறது என்று சொல்வார்களாம். பட்டறைகள் மூடின. கால்வாய்மேல் பலகைக்கல் பதித்துக் கடைகள் வந்தன. தெருக்கோடியில் மட்டும் திறந்து கிடக்கும். ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்பு அங்கே தண்ணீர் ரத்தச் சிவப்பாக ஓடியது. (டீ குடிக்கப் போன இடத்தில் பார்த்தேன். துப்பறியப் போகவில்லை.)

‘மீண்டும் ரகசியச் சாயப்பட்டறை?’ என்று எழுதினேன். கேள்விக்குறி ஆசிரியர் போட்டது.

செய்தி வந்த காலையிலேயே நகராட்சி அதிகாரி ஆட்களோடு வந்து பலகைக்கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார். பஜாரே பின்னால் வந்தது. முன்னால் நோட்டோடு நான், கலெக்டர் நடையில்.

தெருக்கோடியிலிருந்து இருநூறு அடியில், ஒரு குங்குமக் கடை வாசலில் சிவப்பு முடிந்தது. முழங்கால் வரை சிவந்துபோய், விளக்குமாறோடு நின்றவர் எனக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் அப்பா. வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். அவர் கடை அந்தத் தெருவில் என்பது எனக்குத் தெரியும். குங்குமம் சிவப்பு என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் நேரமில்லை.

“பூசைக்குக் கடை கழுவுதேன் சார். மூட்டை ஒண்ணு அவுந்து போச்சு. ரெண்டு நாளா ஊத்துதேன், சிவப்பு போவ மாட்டேங்கு” என்றார் அதிகாரியிடம். பிறகு என்னைப் பார்த்தார். “வாங்க மாப்ள. எவனோ பேப்பர்ல எழுதிட்டாம்லா, அவனைத்தான் தேடுதாவ.”

எதிர்க்கடைப் பூக்காரம்மா தொடுத்த பூவிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: “எதுக்குத் தேடணும்? கையில நோட்டோட நிக்காவல்லா.”

மாமா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

“தப்புன்னு பேப்பர்ல வரட்டும் மாப்ள. பொறவு தட்டு மாத்திக்கிடலாம்.”

ஆசிரியரின் காலில் விழாத குறை. வியாழக்கிழமை, வரி விளம்பரத்துக்குக் கீழே, மூன்று வரியில் திருத்தம் வந்தது. மறுநாள் நிச்சயதார்த்தச் சபையில் லக்னப் பத்திரிகைக்கு முன்னால் அதைத்தான் என்னை வாசிக்கச் சொன்னார் மாமா, சத்தமாக.

இன்றும் அது அவர் கடைக் கல்லாவுக்கு மேலே லேமினேட் செய்து தொங்குகிறது. என்னவென்று கேட்பவர்களிடம் மாமா நிதானமாகச் சொல்வார்:

“நம்ம மாப்ள எழுதுனதுல உண்மைன்னு எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்.”