ஆதிமூலம் காருக்கு அடிச்ச கருப்பு

இனிமே நம்ம கார்ல எந்த மாப்பிள்ளையும் உக்காரக் கூடாதுன்னு ஆதிமூலம் முடிவு பண்ணிட்டாரு. மனசுக்குள்ளதான். வாயைத் தொறந்து சொல்ற தைரியம் இருந்திருந்தா அவருக்கு எதுக்குங்க இவ்ளோ வேலை?

உக்காரப் போற மாப்பிள்ளை வேற யாரும் இல்ல, அவரு சம்சாரம் ஜோதியம்மாளோட கூடப் பொறந்த தம்பி தருமன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழ்பென்னாத்தூர்ல மாப்பிள்ளை ஊர்வலம். "எங்க மாமா கார்லதான் வந்து எறங்குவேன்"னு பொண்ணு வூட்டுல பீத்திட்டு வந்துட்டான் பய.

ஆதிமூலத்துக்குத் திருவண்ணாமலையில கடலை மண்டி. கார் வெள்ளை அம்பாசடர். ரெண்டாங்கை வண்டிதான், ஆனா பம்பர், பல்லு பல்லா இருக்கற கிரில்லு, லைட்டைச் சுத்தின வளையம் எல்லாம் நிக்கல் பூச்சுல தகதகன்னு மின்னும். அந்த பம்பர்லதான் அவரு மொகம் பாத்து மீசை சீவறது. வூட்டுல கண்ணாடி இல்லாமலா? கண்ணாடி உள்ளதைக் காட்டும். பம்பர் மொகத்தை அகலமாக் காட்டும், ராஜா கணக்கா இருக்கும். காருக்கு லட்சுமின்னு பேரு வேற. "இவ நம்ம வூட்டுப் பொண்ணுடி"ன்னுவாரு. "பொண்ணா, சின்ன வூடா?"ன்னு ஜோதியம்மாள் கேப்பாங்க.

போன வருசம் பக்கத்து வூட்டுத் தங்கம்மாள் மவன் கல்யாணத்துக்குக் காரைக் குடுத்தாரு. அந்தத் தங்கம்மாள் இருக்காளே, ஒருவாட்டி போளூர் பஸ்ஸுன்னு நெனைச்சு செங்கம் பஸ் ஏறி, எவனோ வூட்டுக் கல்யாணத்துல சாப்ட்டு, "பாயசத்துல சக்கரை கம்மி"ன்னு சண்டையும் போட்டுட்டு வந்தவ. அது கெடக்கட்டும். அவ மவன் கல்யாணத்துல திருஷ்டித் தேங்காயை எங்க ஒடைச்சாங்க தெரியுமா? பம்பர் மேல. திரும்பி வந்த லட்சுமி மேல வெத்தில எச்சி, நசுங்கின பம்பர். ஆதிமூலம் ரெண்டு நாள் சோறு எறங்காம கெடந்தாரு.

இப்ப தருமனுக்கு எப்படி இல்லேன்னு சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தப்பதான் டாக்ஸி ஸ்டாண்டு டிரைவர் அருணகிரி ஒரு சேதி சொன்னான். "அண்ணே, மெட்ராஸ்ல இப்ப நிக்கலுக்குக் கருப்பு அடிச்சுடறாங்க. அதான் ஸ்டைலு."

ஆதிமூலம் மூளையில பல்பு எரிஞ்சிச்சு. கருப்பு! கருப்பு பூசின கார்ல எவன் மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போவான்?

வியாழக்கிழமை காலையில ஆரம்பிச்சாரு. பெயிண்ட் பீச்சற டப்பா இந்த ஊர்ல எங்க கெடைக்கும்? கொசு மருந்து அடிக்கிற பம்பு இருக்குதே! கருப்பு பெயிண்ட்டைத் தண்ணியாக் கரைச்சு அதுல ஊத்தினாரு.

"இன்னாங்க இது, காருக்குக் கொசுத் தொல்லையா?"

"ஸ்டைலுடி. உனக்குத் தெரியாது."

ஜோதியம்மாள் காரைப் பாத்தாங்க, பம்பைப் பாத்தாங்க, புருசனைப் பாத்தாங்க. "சரி, அழுக்கு மேலயே அடிக்காதீங்க. இருங்க, நான் நல்லாத் தொடைச்சுத் தரேன்."

பொண்டாட்டி இவ்ளோ சுளுவா ஒத்துக்கிட்டதுல அவருக்கு ஒரே குஷி. அந்தம்மா ஒரு துணியை வெச்சுக்கிட்டு பம்பரு, கிரில்லு, வளையம்னு ஒரு இண்டு இடுக்கு விடாம தேய்ச்சாங்க.

"இன்னாடி, கடலை எண்ணெ வாசனை அடிக்குது?"

"உங்க சட்டையிலேர்ந்துதான். மண்டிக்காரர் சட்டையில மல்லிப்பூ வாசனையா வரும்?"

நியாயம்தானேன்னு விட்டுட்டாரு.

பம்பு முதல்ல கம்முனு இருந்திச்சு. இவரு மூக்குக்கு நேரா தூக்கிப் பாத்துக்கிட்டே ஒரு அழுத்து அழுத்தினாரு. பொஸ்ஸுன்னு மொகத்துல! நெத்தி, கன்னம், மீசை எல்லாம் கருப்பு. தொடைக்கத் துணியை எடுத்தவரு கார் கண்ணாடியில மொகத்தைப் பாத்தாரு. நரைச்ச மீசை கருகருன்னு இருக்குது. பத்து வயசு கம்மி! துணியைக் கீழ போட்டுட்டாரு.

மத்தியானத்துக்குள்ள லட்சுமி பல்லெல்லாம் கருப்பா நின்னா. சொல்லி வெச்ச மாதிரி தருமனும் வந்தான்.

"மாமா! இன்னா மாமா இது?"

ஆதிமூலம் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு சோகமா ஆரம்பிச்சாரு. "ஆசைப்பட்டு அடிச்சுட்டேன் மச்சான். உன் கல்யாணம் நெனப்புல இல்ல. இப்ப கருப்பாப் போச்சே! கருப்பு பட்டது எதுவும் மாப்பிள்ளை முன்னால நிக்கக் கூடாதுப்பா. நல்ல காரியம். எனக்கு இன்னா, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா?"

"அக்கா, நீ ஒரு வார்த்தை சொல்லேன்!"

"நான் இன்னாடா சொல்றது? உங்க மாமா சொன்னா சொன்னதுதான். கருப்பு பட்டது எதுவும் முன்னால நிக்கக் கூடாது. நீயும் ஞாபகம் வெச்சுக்கோ."

தருமன் மொகம் தொங்கிப் போய்க் கெளம்பினான். ஆதிமூலம் அன்னிக்கு ரெண்டு தோசை ஜாஸ்தியா சாப்ட்டாரு.

மறுநாள் காலையில ஜம்பமா மண்டிக்குப் போனாரு. மண்டியில எல்லாரும் அவரு மூஞ்சியைப் பாத்து சிரிச்சானுங்க. மீசையைப் பாத்துப் பொறாமைன்னு நெனைச்சுக்கிட்டாரு. மத்தியானம் வூட்டுக்குத் திரும்பினா, வாசல்ல கண்ணு கூசுது.

லட்சுமி தகதகன்னு நிக்கறா! பம்பர்ல ஒரு பொட்டுக் கருப்பு இல்ல. நெத்தியில சந்தனம், குங்குமம், கழுத்துல ரோஜா மாலை. கீழ தரையில கருப்பு கருப்பா தோல் உரிஞ்ச மாதிரி பெயிண்ட்டு சுருண்டு கெடக்குது. பக்கத்துல வெந்நி அண்டா, சீயக்கா கிண்ணம். டிரைவர் சீட்டுல அருணகிரி. பின்னால பட்டு வேட்டியில தருமன்.

"அடியே! இன்னாடி பண்ண?"

"நீங்கதானே வூட்டுப் பொண்ணுன்னு சொன்னீங்க? வெள்ளிக்கிழமை பொம்பளைங்க எண்ணெ தேய்ச்சுக் குளிக்கற நாளு. நேத்தே எண்ணெ தேய்ச்சு ஊற வெச்சேன், இன்னிக்கு சீயக்கா போட்டு முழுக்காட்டிட்டேன்."

"அப்ப அந்தத் துணி..."

"நம்ம மண்டி எண்ணெதாங்க. எண்ணெ மேல பெயிண்ட் புடிக்காதாமே? அருணகிரி அண்ணன்தான் சொன்னாரு."

அருணகிரி ஸ்டீரிங்கைப் புதுசாப் பாக்கற மாதிரி பாத்துக்கிட்டிருந்தான்.

ஆதிமூலம் வீறாப்பை விட்டு எறங்கி வந்துட்டாரு. "சரி ஜோதி, கார் போவட்டும். நானே ஓட்டறேன். பம்பர் மேல தேங்கா ஒடைக்காம பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்."

முன் கதவைத் தொறக்கப் போனாரு. ஜோதியம்மாள் பட்டுப் பொடவை சரசரக்க குறுக்க வந்து நின்னாங்க. கார் கண்ணாடியை அவரு பக்கம் திருப்பிக் காட்டினாங்க. நெத்தியில கருப்பு, கன்னத்துல கருப்பு, மீசை சொல்லவே வேணாம்.

"உங்களுக்கு எண்ணெ தேய்க்க மறந்துட்டேங்க, அதான் புடிச்சுக்கிச்சு. கருப்பு பட்டது எதுவும் மாப்பிள்ளை முன்னால நிக்கக் கூடாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, நான் மீற முடியுமா?"

கார் கெளம்பிச்சு. ஜன்னல் வழியா அந்தம்மா தலையை நீட்டினாங்க.

"கீழ்பென்னாத்தூர் பஸ்ஸு ஸ்டாண்டுல நிக்கும், ஏறி வந்துடுங்க. அதுலயும் பின் சீட்டாப் பாத்து உக்காருங்க!"