எண்டவர் மாஸ்டர் சொல்ல மறுத்த சேதி

எங்கள் தீவுப்பகுதியில் இவ்வளவு பிழையாக இங்கிலீஷ் படிப்பித்து இவ்வளவு நல்ல பெயர் எடுத்தவர் எண்டவர் மாஸ்டர் ஒருவர்தான். நானும் சுருவிலில் இங்கிலீஷ் ரியூசன் நடத்துகிறவன். ஆகவே வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

என் வகுப்பில் மின்விசிறி உண்டு, வெள்ளைப் பலகை உண்டு, பிள்ளைகள்தான் இல்லை. அவருடைய ஓலைக் கொட்டிலில் நிற்கவும் இடமிராது. நேர்க்கூற்றை அயற்கூற்றாக்க நான் புத்தகத்திலிருந்து உதாரணம் எடுப்பேன். அவர் வேலிச் சண்டையிலிருந்து எடுப்பார்.

எங்களூரில் கோபக்காரர்கள் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். மற்றவருக்குக் கேட்கும்படி ஆட்டையோ காகத்தையோ பார்த்துத்தான் பேசுவார்கள். வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் சைக்கிளில் புறப்பட்டு அந்தப் பேச்சையெல்லாம் சேர்ப்பிப்பார். 'அவர் இப்பிடி எண்டவர், அவ அப்பிடி எண்டவ' என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வந்தது. "உன்ரை ஆட்டின்ரை காலை முறிப்பன்!" என்று ஒருத்தி கத்தினால், வேலிக்கு மறுபக்கம் போய், "ஆட்டைக் கொஞ்சம் கட்டினால் நல்லம் எண்டவ அக்கா" என்பார். வகுப்பில் அதை இங்கிலீசில் அயற்கூற்றாக்கும்போதும் அப்படியே. மொழிபெயர்ப்பு முழுப் பிழை. ஆனால் சண்டை முடிந்துவிடும்.

பிள்ளைகளை இழுத்ததைக்கூட மன்னித்திருப்பேன். பக்கத்து வளவிலிருந்த என் அண்ணை, வேலிக் கம்புகளான கதியால்களை என் பக்கம் ஓரடி தள்ளி நட்ட நாளிலிருந்து ஆறு வருசமாக என்னோடு பேசியதில்லை. அவர் பின்னேரங்களில் அந்தக் கொட்டிலில் இருந்து சிரிக்கிற சத்தம் என் வீட்டுக்குக் கேட்கும். அந்தச் சிரிப்பு எனக்கு உரியது.

அண்ணை வெள்ளிக்கிழமை கனடா போகிறார், இனித் திரும்பமாட்டார் என்று கேள்விப்பட்டதும் ரோசத்தை விழுங்கிக்கொண்டு மாஸ்டரிடம் போனேன்.

"வேலி எங்கையும் இருக்கட்டும், போகமுந்தி ஒருக்கால் என்னோடை கதைக்கச் சொல்லும்."

"ஏலாது."

"ஊருக்கெல்லாம் சொல்லுறீர், எனக்கு மட்டும் ஏலாதோ?"

"மற்றவையின்ரை கதையிலை நான் காரத்தைக் குறைக்கிறனான். இதிலை குறைக்க ஒண்டுமில்லை. நீரே போய்ச் சொல்லும்."

போனேன். அண்ணை படலையைத் திறந்தார். நான் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நிக்கிறாய் என்னடா? உள்ளை வா" என்றார் அண்ணை. ஆட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

இப்போது அண்ணை கனடாவிலிருந்து போன் எடுத்தால் முதல் கேள்வி, "மாஸ்டர் எப்பிடி?" என்பதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் போன கிழமை மாஸ்டருக்குக் காய்ச்சல் என்றதும், வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான்தான்.