மோர் டம்ளரில் விழுந்த காசு

நம் ஊரில் நிற்கிறவர் கொடுப்பவர், தரையில் உட்கார்ந்திருப்பவர் வாங்குபவர். இது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும், நான் பெரிய அறிவாளிகள் என்று நம்பியிருந்த ஆறு பேருக்கும் தெரியாமல் போயிற்று.

எழுபதுகளின் ஆரம்பம். எனக்கு இருபத்துநாலு வயது. வலது காலில் போலியோ, இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ். நான் வருவது தெருமுனையிலேயே கேட்கும். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். கல்லாவில் மட்டும் என்னை உட்காரவைக்க மாட்டார். "வாரவன் துணியப் பாப்பானா, ஒன் காலப் பாப்பானால?" என்பார். மனசு சரியில்லாத நாளில், "நான் கண்ண மூடிட்டேன்னா நீ கோயில் வாசல்லதாம்ல இருப்ப" என்று சொல்லிவிட்டு அவரே அழுவார். எனக்கு வரும் பாருங்கள் கோபம்!

அந்தக் கோபத்தோடு போய்ச் சேர்ந்த இடம்தான் ‘நாமும் தருவோம் மன்றம்’. ஞாயிறுதோறும் அடையாறில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடுவோம். ஏழு பேருமே ஊனமுற்றவர்கள். (அன்றைக்கு அதுதான் சொல். மரியாதையான சொல்லெல்லாம் பின்னால் வந்தது.) வருஷம் தவறாமல் யாராவது எங்களை மேடையேற்றி, போர்வை கொடுத்து, போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒரு தடவையாவது நாம் கொடுக்கவேண்டும் என்பதுதான் மன்றத்தின் ஒரே கொள்கை. தலைவர் வரதன், மயிலாப்பூரில் பாட்டு வாத்தியார், கண் தெரியாது. பொருளாளர் பிச்சாண்டி, ராயப்பேட்டைக்காரன். அவனுடைய இடது கையை மணிக்கட்டோடு அச்சு இயந்திரம் வாங்கிக்கொண்டுவிட்டது.

அறுபத்து மூவர் உற்சவத்தன்று மயிலாப்பூர் மாட வீதியில் நீர்மோர் கொடுப்பதென்று முடிவாயிற்று. நான் அப்பாவிடம் போய் மார்தட்டினேன்.

"ஊரே என் கையால வாங்கிக் குடிக்கப் போவுது. வந்து பாருங்க. பாத்துட்டுக் கல்லாவக் குடுப்பீங்களா?"

முழக்கோலைக் கீழே வைத்தார். "வாரேன். நாலு பேரு வாங்கிக் குடிச்சாம்னா நீயே கல்லாவுல ஒக்காரு."

எங்களில் பாதிப் பேரால் ரொம்ப நேரம் நிற்க முடியாது. நாற்காலி வாடகைக்கு எடுக்கலாமே என்றேன். வரதன் சீறினார். "சேவை பண்றவா நாற்காலியில கால்மேல கால் போட்டுண்டா இருப்பா? பணிவா தரையில உட்கார்ந்துண்டுதான் கொடுக்கணும்." ஆஹா, என்ன உயர்ந்த எண்ணம் என்று எல்லோரும் கைதட்டினோம். (பிச்சாண்டி தொடையைத் தட்டினான்.)

ஆக, வீதியோரம் பாய் விரித்து, ஊன்றுகோல்களைப் பக்கத்தில் கிடத்தி, வரிசையாக உட்கார்ந்தோம். மோர்ப் பானைகள் முதுகுக்குப் பின்னால், நிழலில். ஆளுக்கு முன்னால் எவர்சில்வர் டம்ளர்கள். மன்றத்தின் பெயரெழுதிய துணிக்கு நேர் முன்னால் ஒரு பலூன்காரன் வந்து நின்றுகொண்டான்.

முதல் டம்ளரில் மோரை ஊற்றி, "வாங்கம்மா" என்று நீட்டினேன். ஓர் அம்மாள் தன் பிள்ளை கையில் காசைத் திணித்து, "போட்டுட்டு வா கண்ணு" என்றாள். மோருக்குள் ‘ளொடக்’.

"ஏம்மா, துட்டெல்லாம் வாணாம்மா! நாங்கதான் மோரு குடுக்கறோம், வாங்கிக் குடி!" என்று கத்தினான் பிச்சாண்டி.

"பாவம், வெயில்ல உக்காந்திருக்கே. நீயே குடிப்பா" என்று அவள் நகர்ந்தாள்.

அப்புறம் காசு மழைதான். ஒருவர் என் மடியில் புளியோதரைப் பொட்டலத்தை வைத்தார். இன்னொரு புண்ணியவான் எதிர்ப் பந்தலிலிருந்து எங்களுக்கே மோர் வாங்கிவந்து கொடுத்தார். எழுந்து நின்றிருந்தால் தீர்ந்திருக்கும். அந்த நெரிசலில் இரும்புக் காலோடு எங்கே எழுவது?

வரதன் தலையை ஆட்டி ரசித்தபடி கேட்டார்: "ஒரே சத்தமா இருக்கே, எல்லாரும் வாங்கிக்கறாளா?"

"வாங்கிக்கினே கீறாங்க தலிவரே" என்றான் பிச்சாண்டி. தன் டம்ளரில் கிடந்த காசை எடுத்துப் பாய்க்கு அடியில் தள்ளினான்.

அப்போதுதான் அப்பா வந்தார். கூடவே பக்கத்துக் கடை முதலாளி. அந்த மனிதர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், பல்லக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே, என் டம்ளரில் ஒரு காசைப் போட்டார். அப்பா பார்த்தார். "யப்பா, மோரு" என்றேன். (வேறு என்னத்தைச் சொல்ல?) அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டார். எந்தக் காட்சியை நினைத்து அவர் ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தாரோ, அதே காட்சியை, அதே கோயில் பக்கத்தில், வரச்சொல்லிக் காட்டிய மடையன் நான்.

பாத்திரம் அடுக்கும்போது வரதனின் விரல் ஒரு டம்ளருக்குள் போயிற்று. தடவிப் பார்த்தார். "ஓ" என்றார். அதற்கப்புறம் மன்றம் கூடவில்லை.

கல்லா அத்தை மகனுக்குப் போயிற்று. நான் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன், கடை நொடித்தபின் அப்பாவுக்கும் சேர்த்துச் சோறு போட்டேன். ஆனாலும் நான் காபி நீட்டினால், வாங்குமுன் டம்ளருக்குள் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்.

"அப்படி என்னத்தப் பாக்கறீங்க மாமா?" என்பாள் என் மனைவி.

"துட்டு கெடக்கான்னு பாத்தேன் தாயி."

வீடே சிரிக்கும். என் பிள்ளைகள் இன்றும் நான் எதைக் கொடுத்தாலும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அப்பா எட்டிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாட வீதிப் பாய்தான் ஞாபகம் வரும்.

கடைசி நாட்களில் அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. பாலை வாயருகே கொண்டுபோனேன். கண் மட்டும் டம்ளரின் விளிம்பைத் தேடியது.

"துட்டு ஒண்ணும் இல்லப்பா, பாலுதான்" என்றேன்.

அவர் தொண்டையில் வந்தது சிரிப்பா இருமலா, தெரியவில்லை. வாயைத் திறந்தார். என் கையிலிருந்து குடித்தார்.