எல்லைச்சாமியும் கொச்சிப் பீடியும்

நாட்டுக்காக எல்லை காத்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். பள்ளிக்கூடத்துப் பையன்கள் பீடி குடிக்கக் கூடாது என்பதற்காக எல்லை காத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் எங்கள் டிரில் மாஸ்டர். பெற்றவர்கள் அவருக்கு ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். நாங்கள் வைத்த பெயர் எல்லைச்சாமி. காக்கி டிரவுசர், முழங்கால் வரை காலுறை, கழுத்தில் விசில், கையில் பிரம்பு. குதிரையும் அரிவாளும்தான் குறைச்சல்.

எல்லை என்றால் நிஜமான எல்லை. கேரளம் பிறப்பதற்கு முந்தைய காலம் அது. பாலக்காட்டிலிருந்து சித்தூர் போகும் ரோட்டில், சென்னை ராஜ்ஜியம் முடிகிற இடத்தில் எங்கள் பள்ளிக்கூடம். கூப்பிடு தூரத்தில் ஒரு கல். அதைத் தாண்டினால் திருவிதாங்கூர்-கொச்சி. எங்கள் வாயில் வெறும் கொச்சி. இந்தப் பக்கம் மதுவிலக்கு. அந்தப் பக்கம் கல்லை ஒட்டியே கள்ளுக்கடை, அதற்குப் பக்கத்தில் பீடிக்கடை. அரசாங்கங்களே இவ்வளவு வசதி செய்து கொடுத்திருக்கும்போது நாங்கள் கெட்டுப்போகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

சுகாதாரம் என்று ஒரு பாடம் இருக்கத்தான் இருந்தது. அதை நடத்தியவர் நுரையீரல் படத்தைச் சுவரில் மாட்டி, புகை அதை எப்படி அரிக்கிறது என்று உருக்கமாகச் சொல்லிவிட்டு, மணி அடித்ததும் முதல் பெஞ்சுப் பையனைத் தீப்பெட்டி வாங்கிவர அனுப்புவார். ஆகவே எங்கள் உடல்நலம் முழுக்க எல்லைச்சாமியின் தலையில் விழுந்தது.

காலையில் பிரேயர் முடிந்ததும் பரிசோதனை. வரிசையாக நிற்க வேண்டும். மூக்கை நம் வாய்க்கு நேராக நீட்டி, "ஊதுறா!" என்பார். இதில் ஒரு சங்கடம். அது வருஷக்கணக்காக மூக்குப்பொடி அடைத்த மூக்கு. காற்றே நுழையாத இடத்தில் வாசனை எங்கே நுழையும்? பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்துத் தண்டபாணி பீடியை வீசியெறிந்த கையோடு வந்து ஊதுவான். "நல்ல பையன்" என்று தோளில் தட்டுவார். வாடை போகக் கொய்யா இலையை மென்றுகொண்டு தயாராக வந்த எங்களுக்கு வயிறு எரியும். அந்த மூக்கையும் துளைக்கிற பெருங்காய ரசம் சாப்பிட்டுவிட்டு வரும் ஹெட்மாஸ்டர் மகன் மட்டும் தவறாமல் அடி வாங்குவான். பீடியைக் கையால்கூடத் தொடாதவன்.

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க சார்!" என்று அழுவான்.

"பண்ணாதவனுக்கு எதுக்குடா இந்த நாத்தம்?"

மூக்கு கைவிட்டதால் மாஸ்டர் கண்ணை நம்பினார். மத்தியானம் அரக்கப்பரக்கச் சாப்பிட்டுவிட்டுக் கல்லுக்கு ஓடுவார். அவர் கை கழுவுவதற்குள் நாங்கள் கொச்சியில் இருப்போம். அதற்கு மேல் அவர் ஓரடி எடுத்து வைக்க முடியாது. முன்பு ஒருமுறை கல்லைத் தாண்டிப் போய் ஒரு பையனை விளாசிவிட்டார். வியாபாரம் கெடுகிறதே என்று கள்ளுக்கடை கான்டிராக்டர் கொச்சிப் போலீசில் எழுதிக் கொடுக்க, மாஸ்டரை ஒரு பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். "இன்னொரு தரம் தாண்டினீங்கன்னா வேலை இருக்காதுங்க" என்று ஹெட்மாஸ்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அந்தச் சம்பளத்தை விட்டால் மாஸ்டர் வீட்டு அடுப்புக்கு வேறு வழி கிடையாது.

ஆகவே கல்லுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் பீடியும் கையுமாக நாங்கள்.

"டேய், ஆம்பளையா இருந்தா இங்க வந்து குடிங்கடா!"

"நீங்க இங்க வாங்க சார். ரெண்டு இழுப்பு இழுத்துப்போட்டுப் போலாமுங்க" என்பான் தண்டபாணி, மரியாதை குறையாமல்.

மணி அடித்ததும் ஒவ்வொருவராகத் திரும்புவோம். ஆளுக்கு ஓர் அடி. சுங்கம் கட்டுவதுபோலக் கட்டிவிட்டு வகுப்புக்குப் போவோம்.

பீடி அலுத்துப்போன ஒரு மார்கழி மத்தியானம், தண்டபாணி கள்ளுக்கடைத் தென்னையில் ஏறினான். கள்ளிறக்குகிறவர்கள் ஏறுவதற்காக மரம் நெடுகத் தேங்காய் மட்டை கட்டியிருந்தது. உச்சிக்குப் போய்ப் பானையைக் கவிழ்த்துக் குடித்தான். பிறகு கீழே பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. மரத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மோவ்!" என்று அலற ஆரம்பித்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மரத்தைப் பிடித்து ஆட்டியது. எங்கள் கையிலிருந்த பீடிகள் தாமாக விழுந்தன. மேலே ஏற எங்களில் ஒருவனுக்கும் தைரியமில்லை.

கல்லருகே நின்ற மாஸ்டர் விசில் ஊதினார். எதிர்க்காற்றில் அது எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. கான்டிராக்டர் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தாண்டுங்க மாஸ்டர், தாண்டுங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேனுங்க."

தண்டபாணியின் ஒரு கை நழுவியது. மாஸ்டர் கல்லைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், ஒரே ஓட்டமாக ஓடிவந்து மரத்தடியில் நின்று விசிலை ஊதினார்.

"தண்டபாணி! அட்டேன்ஷன்! லெஃப்ட்!"

தண்டபாணியின் மூளை கள்ளில் மிதந்துகொண்டிருந்தது. ஆனால் கால்கள் சின்ன வகுப்பிலிருந்து அந்த விசிலுக்குப் பழகியவை. இடது கால் ஒரு மட்டை கீழே இறங்கியது.

"ரைட்! லெஃப்ட்! ரைட்!"

எதற்கும் உதவாது என்று நாங்கள் கேலி செய்த டிரில், ஒரு குடிகாரனைத் தென்னையிலிருந்து படிப்படியாக இறக்கிக் கொண்டுவந்தது. இறங்கியவன் மாஸ்டரின் காலுறை மேலேயே வாந்தி எடுத்தான். அவர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லைத் தாண்டி, இந்தப் பக்கம் இறக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் அடித்தார். சட்டம் சட்டம்தானே.

மறுநாள் ஹெட்மாஸ்டர் அறையில் விசாரணை. கான்டிராக்டர் சாட்சியாக உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் வெளுத்த முகத்தோடு நின்றார். நாங்கள் வாசலில் மொய்த்திருந்தோம்.

"கல்லைத் தாண்டினீங்களா?"

"தாண்டி..."

"இல்லீங்க சார்!" என்று உள்ளே புகுந்தான் தண்டபாணி. "சார் கல்லுகிட்டயேதான் நின்னாருங்க. நானாத்தான் எறங்குனேனுங்க. சாருக்கு வயசாயிருச்சு, ஞாபகம் பெசகுதுங்க."

"மரத்து மேல உனக்கு என்னடா வேலை?"

"கள்ளுக் குடிச்சனுங்க."

"நாங்களும் பாத்தமுங்க, சார் தாண்டவே இல்லீங்க" என்று நாங்களும் நுழைந்தோம்.

"நீங்க அங்க என்னடா பண்ணுனீங்க?"

வேறு வழியில்லை. "பீடி குடிச்சமுங்க."

எங்களுக்குப் பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு குரல் வந்தது. "நானும் குடிச்சனுங்கப்பா." ஹெட்மாஸ்டர் மகன்! அன்று அவன் அந்தப் பக்கமே வரவில்லை. வாங்கிய அடிகளுக்கு முறையாகப் பார்த்தால் மாஸ்டருக்கு வேலை போகட்டும் என்றுதான் அவன் நினைத்திருக்க வேண்டும்.

ஹெட்மாஸ்டர் தன் மகனைப் பார்த்தார். பிறகு கோபத்தைக் கான்டிராக்டர் பக்கம் திருப்பினார். "உங்க மரம், உங்க கள்ளு, உங்க கடை வாசல். குடிச்சது எங்க பள்ளிக்கூடத்துப் பசங்க. இப்பச் சொல்லுங்க, யார் மேல எழுதலாமுங்க?" கான்டிராக்டருக்கு அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்து எழுந்து போனார்.

வெளியே வந்ததும் மாஸ்டர் எங்களை வரிசையாக நிறுத்தினார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தோம். பொடி போட்டு உறிஞ்சினார். கண் கலங்கியிருந்தது. பொடியாகத்தான் இருக்கும் என்று அப்போது எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

"கையை நீட்டுங்கடா. பீடிக்கு ஒண்ணு, பொய்க்கு ஒண்ணு."

பீடிக்கு விழுந்த அடியில் உள்ளங்கை வீங்கி, சாயங்காலம் வரை பேனா பிடிக்க முடியவில்லை. பொய்க்கு விழுந்தது கையில் பட்டதே தெரியவில்லை. பிரம்பு சும்மா வந்து உள்ளங்கையில் உட்கார்ந்துவிட்டுப் போயிற்று. அந்த அடிக்காக அவரைப் பற்றி இன்னும் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்ல நாங்கள் தயாராக இருந்தோம்.